கல்லில் பட்ட அவுட்போர்டு: புரொப்பை மாற்றினால் போதுமா?

2024 மே 14, காலை 9.10 | கேள்வி: சாங்கிப் படகுக்காரர்

சனிக்கிழமை விடியற்காலை சிங்கப்பூரின் உபின் தீவுக்குக் கிழக்கே கொடுவா மீன் பிடிக்கப் போயிருந்தோம். 16 அடி ஃபைபர் படகு, பின்னால் தொங்கும் அவுட்போர்டு என்ஜின் யமஹா 40 குதிரைத் திறன், டூ ஸ்ட்ரோக். நீர் நன்றாக இறங்கியிருந்தது. பன்னிரண்டு நாட் வேகத்தில் போகும்போது 'டங்' என்று ஒரு சத்தம். என்ஜின் எகிறி மறுபடி கீழே விழுந்தது. தூக்கிப் பார்த்தால் புரொப் (தண்ணீரைத் தள்ளும் சுழலி) இதழ் ஒன்று மடங்கியிருக்கிறது, அடியில் ஸ்கெக் (என்ஜினின் அடியில் நீட்டியிருக்கும் துடுப்பு) நுனி ஒரு விரல் அளவு காணோம். மெதுவாக ஓட்டிக் கரை சேர்ந்தோம். சத்தமெல்லாம் பழைய மாதிரிதான். புது அலுமினிய புரொப் ஒன்று மாட்டினால் விஷயம் முடிந்தது என்கிறேன் நான். படகில் பாதிப் பங்குள்ள நண்பர், என்ஜினின் காலைக் கழற்றிப் பார்க்காமல் தண்ணீரில் இறக்கக் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

மே 14, இரவு 10.40

நண்பர் சொல்வதுதான் சரி. நானும் உங்களைப் போலப் பேசிப் பணத்தை விட்டவன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

2022 நவம்பர் 8. முழுச் சந்திர கிரகணம். நிலா எழும்போதே சிவப்பாக எழும் என்று மச்சானுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு பேரும் படகை எடுத்தோம். கிரகண நேரத்தில் வெளியே போகாதே என்று அம்மா மூன்று முறை சொன்னார். அம்மா ராகுவை நினைத்துச் சொன்னார். நாங்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டியது பௌர்ணமி நீரிறக்கத்தை. ஆண்டுக் கடைசி மாதங்களில் இங்கே பெரிய இறக்கம் மாலையில் வரும். வழக்கமாக நான் போய்வந்த தடம்தான், ஆனால் அன்று என் காலுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. (கால் என்றால் என்ஜினின் கால். கியர் பெட்டியோடு கீழே தொங்கும் பகுதியை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.)

அதே 'டங்'. அதே மடங்கிய இதழ். அடுத்த வாரம் புது புரொப் வாங்கி மாட்டினேன். மூன்று முறை கடலுக்குப் போனேன், ஒரு குறையும் தெரியவில்லை. கல்லை மறந்தே போய்விட்டேன். ஜனவரியில் 3,000 சுற்றுக்கு மேல் போனால் ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம். பிறகு கியர் எண்ணெயை மாற்றலாம் என்று கீழ்த் திருகைக் கழற்றினால் தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) ஊற்றுகிறது. அதே நிறம், அதே நுரை. குடிக்காததுதான் பாக்கி.

கல் பட்டால் புரொப்பைச் சுழற்றும் ஷாஃப்ட் ஒரு மயிரிழை வளைந்துவிடலாம். வளைந்த ஷாஃப்ட் சுற்றச் சுற்ற, அதைக் கட்டிப் பிடித்திருக்கும் ரப்பர் சீலின் வாய் அகன்றுபோகும். அந்த வழியாகத் தண்ணீர் எண்ணெய்க்குள் வரும், பேரிங் துருப்பிடிக்கும். இதில் எதுவும் முதல் நாள் காதுக்குக் கேட்காது. சத்தம் பழைய மாதிரி இருக்கிறது என்பதை நம்பாதீர்கள்.

மே 15, காலை 6.55

என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ரயிலில் போய்க்கொண்டே எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படகின் அடிப்பகுதியை முதலில் பாருங்கள். எல்லாரும் என்ஜினையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். அப்புறம் என்ஜின் பின்னால், சூட்டைத் தணித்த தண்ணீர் பீய்ச்சும் ஓட்டை. மச்சான் அதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. கல்லோடு சேறும் மணலும் இருந்தால் உறிஞ்சும் சல்லடை அடைத்திருக்கும், தண்ணீர் பம்ப்பின் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரும் தேய்ந்திருக்கும். தாரை மெலிந்தாலோ சூடாக வந்தாலோ என்ஜினை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது ஷாஃப்ட். புரொப்பைக் கழற்றுங்கள். ஒரு சாத்தே குச்சியை (இறைச்சி குத்திச் சுடும் மூங்கில் குச்சி) புரொப்புக்கு மேலே இருக்கும் தட்டிலோ கியர் பெட்டியிலோ டேப் போட்டு ஒட்டி, அதன் கூர்முனை ஷாஃப்ட்டின் நுனியை மயிரிழையில் தொடாமல் நிற்கும்படி வையுங்கள். ஷாஃப்ட்டைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். குச்சிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் தொட்டால் வளைந்திருக்கிறது. பட்டறையில் இதற்கு டயல் கேஜ் வைத்திருப்பார்கள். சாதாரண அச்சுத் தாள் ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அந்த அளவு ஆட்டத்தைக்கூடக் கேஜ் காட்டிவிடும், கண்ணுக்குத் தெரியாது. என்னுடையது 0.4. அதைச் சாத்தே குச்சியே காட்டிக்கொடுத்தது.

சிட்டி ஹால் வந்துவிட்டது, மீதி பிறகு.

மே 15, காலை 8.20

திட்டு வந்திருக்கிறது, வர வேண்டியதுதான். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றச் சொன்னவன் முதலில் சொல்லியிருக்க வேண்டியது: அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பை எடுத்துவிடுங்கள், ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றிவிடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள். சூடான டூ ஸ்ட்ரோக் என்ஜின் கியரில் இருக்கும்போது புரொப்பைத் திருப்பினால் ஒரு வெடி வெடித்துக் கிளம்பலாம். விரல் பத்தும் வேண்டும்.

மே 15, இரவு 11.15

எண்ணெய்ச் சோதனை. இதில் அவசரப்படக் கூடாது. படகு ஒரு ராத்திரி அசையாமல், என்ஜின் செங்குத்தாக நிற்கட்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அதனால் கீழே தங்கும். காலையில் கீழ்த் திருகை முழுக்கக் கழற்றாமல் இளக்குங்கள். முதலில் சொட்டுவது தண்ணீராக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஓடும்போது தண்ணீரும் எண்ணெயும் கடைந்து கலந்திருந்தால் தே தாரிக். சுத்தமாக, வாங்கின நிறத்திலேயே வந்தால் பாதி நிம்மதி.

பாதிதான். திருகின் நுனியில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் மாதிரி மைபோல ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற சில்லாக இருந்தால் கியர் பல் உடைந்திருக்கிறது, அல்லது முன் கியரைக் கவ்வும் கிளட்ச் நாயின் மூலை போயிருக்கிறது. ஆமாம், அந்தப் பாகத்துக்கு நாய் என்றுதான் பெயர். சுமை ஏறும்போது 'கடக் கடக்' என்று கியர் நழுவினால் நாய்க்குப் பல் போய்விட்டது என்று அர்த்தம்.

எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு மேல் ஓட்டை வழியாகக் காற்றடித்துப் பார்ப்பது கடைசிச் சோதனை. 10 பிஎஸ்ஐ வாக்கில் நின்றால் போதும். சைக்கிள் பம்ப்பில் வெறியோடு அடித்தால் நல்ல சீலையும் பிடுங்கிவிடுவீர்கள். அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழ் வரும் இடம்தான் கசிவு: புரொப் ஷாஃப்ட்டா, கியர் கம்பி இறங்கும் இடமா, பெட்டியிலேயே விரிசலா என்று அதுவே சொல்லிவிடும். திரும்ப எண்ணெய் நிரப்பும்போது கீழிருந்து மேலாக ஏற்றுங்கள், மேல் ஓட்டையில் வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடுங்கள். வாஷர் இரண்டும் புதிது. பழைய வாஷரைப் போட்டுவிட்டு 'கல் பட்டதால் கசிகிறது' என்று அழுதவர் ஒருவர் எனக்குத் தெரியும். கண்ணாடியில் அடிக்கடி பார்ப்பேன்.

மே 16, மதியம் 1.05

ஹப் பற்றிக் கேட்டவருக்கு. புரொப்பின் நடுவில், இதழ்கள் இருக்கும் வெளிக் குழாய்க்கும் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் உள் குழாய்க்கும் நடுவே ரப்பர் இறுக்கி வைத்திருப்பார்கள். கல் படும்போது அது வழுக்கிக் கியரைக் காப்பாற்றும். அதற்காகவே இருப்பது. ஒரு முறை வழுக்கினது மறுபடி வழுக்கும். என்ஜின் உறுமும், படகு நகராது. மெதுவாகப் போனால் எல்லாம் சரியாகத் தோன்றும், விசையைக் கூட்டினால்தான் தெரியும்.

சோதிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். உள் குழாயிலிருந்து வெளிக் குழாய் வரை ஒரே கோடு போடுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ஹப் போய்விட்டது.

சின்ன என்ஜின்களில் ரப்பருக்குப் பதில் ஒரு பின் இருக்கும், அது வெட்டுப்படும். பின்னுக்குப் பதிலாக ஆணி அடித்து வைக்கிற கெட்டிக்காரர்களுக்கு என் அனுதாபங்கள். அடுத்த கல்லில் வெட்டுப்படப் போவது ஆணி இல்லை.

இதே காரணத்துக்காகத்தான் உபின் பக்கம் சுற்றுகிறவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் புரொப் வேண்டாம் என்பேன். வேகம் நன்றாகத்தான் கிடைக்கும். ஆனால் அலுமினியம் தான் மடங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் மடங்காது, அடியை உள்ளே அனுப்பிவிடும்.

மே 16, இரவு 9.50

படங்கள் பார்த்தேன். ஸ்கெக் நேராக உடைந்திருக்கிறது, பக்கவாட்டில் வளையவில்லை. நல்ல அறிகுறி. பக்கவாட்டில் வளைந்திருந்தால் பெட்டியின் தொண்டையில் விரிசல் தேடச் சொல்லியிருப்பேன்.

மே 17, இரவு 10.30

வெள்ளிக்கிழமை, கொஞ்சம் வழி தவறலாம்.

உங்கள் கல் எது என்று ஊகிக்க முடிகிறது. உபினின் செக் ஜாவாவுக்கு எதிரே இருக்கிற புலாவ் செக்குடு பக்கம்தானே? தவளைத் தீவு. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: தவளையும் பன்றியும் யானையும் யார் முதலில் ஜொகூர்க் கரைக்கு நீந்துவது என்று பந்தயம் கட்டின, போய்ச் சேராதவர் கல்லாகிவிட வேண்டும். மூன்றும் சேரவில்லை. தவளை செக்குடு ஆனது, மற்ற இரண்டும் உபின் ஆயின. என் புரொப்பை வளைத்தது தவளையின் சித்தப்பா முறையாக இருக்கும்.

கதையை விட்டால், உபின் முழுக்கக் கருங்கல். கல்லுடைத்த குழிகள் இன்றும் குளங்களாகக் கிடக்கின்றன. தெற்கே ஹந்து, செமாக்காவ் தீவுகள் பக்கம் பவளத் திட்டில் உரசினால் புரொப் முனை அரம் போட்டது போலச் சுரண்டும். உபின் கருங்கல் சுரண்டாது, ஒரே அடி. எந்த மாதிரி அடி என்று இதழைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். மூன்று இதழும் ஒரே மாதிரி ஓரம் தேய்ந்திருந்தால் மணல் அல்லது பவளம். ஒரே இதழ் மடங்கி மற்றவை புதிதாக இருந்தால் கல் நின்ற இடத்தில் நிறுத்தியிருக்கிறது. ஷாஃப்ட்டைச் சந்தேகப்பட வேண்டியது இரண்டாவதில்தான்.

தூத்துக்குடிக்காரரான என் பெரியப்பா கடலடிப் பாறையைப் 'பார்' என்பார். 'பார் இருக்கு, பார்த்துப் போ' என்று அவர் சொல்வது சின்ன வயதில் எங்களுக்கு விளையாட்டுப் பாட்டு.

இன்னொன்று. கருப்பும் சிவப்பும் பட்டை போட்டு, தலையில் இரண்டு கருப்புப் பந்து வைத்த மிதவை எதற்கு என்று உரிமத் தேர்வில் எழுதித்தானே எல்லாரும் தேறினோம்? தனித்த ஆபத்து, சுற்றிப் போகலாம், மேலே போகாதே. ஆனால் எல்லாக் கல்லுக்கும் பந்து வைத்திருக்க மாட்டார்கள். மிச்சக் கல்லுக்கு நீர் அட்டவணைதான் பந்து. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வாக்கில் பெரிய இறக்கம் விடியுமுன். நீங்கள் போன சனிக்கிழமை அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். நான் மாலையில் மாட்டினேன், நீங்கள் விடியலில் மாட்டினீர்கள். தவளைக்கு இரண்டு ஷிப்ட்.

மே 18, காலை 7.40

இராத்திரி படுத்துக்கொண்டு முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஒரு இடத்தில் நான் நேர்மையாக எழுதவில்லை.

எண்ணெயில் தண்ணீர் வந்தது கல்லால்தான் என்று எழுதியிருக்கிறேன். முழுக் கதை இது. முதலில் போன பட்டறையில், காலைத் திறக்காமலேயே 'முழுக் காலையும் மாற்ற வேண்டும்' என்று 1,800 வெள்ளி கேட்டார்கள். கொள்ளைக்காரர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, தெரிந்தவர் கைகாட்டிய ஒரு சீனப் பெரியவரிடம் போனேன். அவர் காலைப் பார்த்ததும் மலாயில் "கெனா பத்து?" என்றார், கல் பட்டதா என்று. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத மச்சான், குதிரைத் திறனைக் கேட்கிறார் என்று நினைத்து "இல்லை அங்கிள், நாற்பது" என்றான். பெரியவர் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டார்.

அவர் புரொப்புக்குப் பின்னால் இருக்கும் தடி வாஷரை எடுத்துவிட்டுக் கொறட்டால் எதையோ இழுத்தார். தங்கூஸ், நைலான் தூண்டில் நரம்பு. அரை மீட்டருக்கு மேல், சூட்டில் உருகிப் பழுப்பேறி, சீலின் வாயைக் கத்தி மாதிரி அறுத்திருந்தது. அப்படிப் பழுப்பேற ஒரு வாரம் போதாது. அதாவது கல் படுவதற்கு முன்பே தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்திருக்கலாம். நான் எண்ணெயைத் திறந்தே பார்க்காததால் எது முதலில் என்று சொல்ல வழியில்லை. ஷாஃப்ட் வளைந்தது கல்லால், அதில் சந்தேகமில்லை. சீல் போனதற்குக் கல்லை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நான் அறுத்துக் கடலில் போட்ட என் தூண்டில் நரம்பாகவே அது இருக்கலாம் என்பதை மச்சான் மட்டும்தான் சொல்லிக் காட்டுகிறான்.

அதனால் புரொப்பைக் கழற்றும் போதெல்லாம் வாஷருக்குப் பின்னால் பாருங்கள். கல் பட்டிருக்க வேண்டும் என்றில்லை.

கொள்ளைக்காரர்கள் என்று சொன்னதையும் பாதி வாபஸ் வாங்குகிறேன். கழற்றி, ஷாஃப்ட், சீல், இரண்டு பேரிங் எல்லாம் மாற்றப் பெரியவரிடமே 700 வெள்ளி ஆனது, மூன்று வாரமும் ஆனது. கூலியையும் உத்தரவாதத்தையும் கணக்குப் போடுகிற பட்டறைக்கு முழுக் காலை மாற்றுவது சுலபம். திறந்து பார்க்காமல் விலை சொன்னதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

மே 18, காலை 11.20

இன்னொரு திருத்தம். கேள்வி கேட்டவர் சொன்னதிலும் ஒரு சரி இருக்கிறது. புது புரொப்பை முதலில் மாட்டுவதே நல்லதுதான், சோதனையாக. மடங்கிய புரொப்போடு ஓட்டினால் நடுக்கம் புரொப்பாலா ஷாஃப்ட்டாலா என்று பிரிக்க முடியாது. புதிதைப் போட்டும் நடுங்கினால் சந்தேகம் ஷாஃப்ட் பக்கம் போகும். நான் செய்த தப்பு, மாட்டினது சோதனை என்று நினைக்காமல் மருந்து என்று நினைத்தது.

ஆனால் சாத்தே குச்சிக்குப் பிறகு. குச்சி இருபது காசுகூட ஆகாது.

மே 19, மாலை 6.30

ஆக, சாங்கிப் படகுக்காரர் ஜெயித்தார். குச்சியில் இடைவெளி மாறவில்லை. எண்ணெய் சுத்தம், காந்தத்தில் மை மட்டும். காற்று பத்து நிமிடம் நின்றது. புது புரொப், நடுக்கம் இல்லை. 'நான்தான் சொன்னேனே' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். சரி, வாங்கிக்கொள்கிறேன். 50 மணி நேரம் ஓட்டிவிட்டு எண்ணெயை மறுபடி பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

என்ஜின் தலையைத் திறந்து பார்க்க வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கிளப்பும்போது அடம்பிடிக்கிறதா, கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறதா? அப்படியென்றால் மேலே சுற்றும் கனச் சக்கரமான ப்ளைவீலைப் பிடித்திருக்கும் சின்னச் சாவி (கீ என்கிற உலோகத் துண்டு) நகர்ந்து, தீப்பொறி விழும் டைமிங் மாறியிருக்கலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மே 19, இரவு 9.15

இப்போதுதான் நண்பரின் பதிலைக் கவனித்தேன். எல்லாரும் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மேலே பார்த்திருக்கிறார். பின்பலகையில் என்ஜினைப் பிடித்திருக்கும் கீழ் போல்ட்டைச் சுற்றி நட்சத்திர வடிவில் விரிசல். தட்டினால் அந்த இடத்தில் மட்டும் 'தொப்' என்று மெத்தென்ற சத்தம்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. ஸ்கெக் நுனியில் படுகிற அடிக்கு அந்தக் கால் முழுக்கக் கடப்பாரை மாதிரி. கல் ஒரு முனையைத் தள்ளினால் மறுமுனை பின்பலகையைத்தான் நெம்பும். இத்தனை குறிப்பு எழுதியும் என்ஜினைப் பிடிக்கும் தாங்கியை, அது சாயும் குழாயை, பின்பலகையை ஒரு வரிகூட நான் சொல்லவில்லை. உள்ளே பலகை ஊறியிருந்தால், ஈரம் காயும் வரை திறந்து வைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். வெறும் பூச்சு பூசிவிடாதீர்கள்.

மே 20, காலை 7.10

விடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் என் படகைப் பார்த்தேன். கிரகணத்துக்குப் பிறகு ஒன்றரை வருடம் ஆகிறது. இடது பக்கக் கீழ் போல்ட், மயிரிழை மாதிரி ஒரு கோடு, கட்டை விரல் நீளம். அழுக்கு ஏறியிருக்கிறது, அதனால் பழசு.

ஞாயிறு காலை என்ஜினை இறக்கப் போகிறேன். தூக்க ஆள் வேண்டும், மச்சானுக்கு முதுகு வலியாம். சாங்கிப் படகுக்காரரும் நண்பரும் வந்தால் உங்கள் பின்பலகையையும் அன்றைக்கே திறந்துவிடலாம். நாசி லெமாக் என் செலவு.